ஐயருக்கு ஒரு மப்ளர்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. என் பையை மடியில வச்சுக்கிடுதேன். அந்தப் பெரிய கவரை மடக்கிராதீங்க, இப்படிக் குடுங்க, ஜன்னல் ஓரமா நிமித்தி வச்சுக்கிடுவோம். பிளாஸ்க்கைக் காலுக்கு நடுவுல வைங்க, உருளாது. பாளையங்கோட்டைக்கா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

என்ன பாக்குதீங்க, இதையா? மப்ளர்தான். கம்பளி மப்ளர். சித்திரை வெயில் மண்டையைப் பொளக்குது, பஸ்ஸுக்குள்ள கிழங்கு வேகுற மாதிரி வெந்துக்கிட்டு இருக்கோம், இந்த ஆளு மடியில மப்ளரை வச்சுத் தடவிக்கிட்டு இருக்கானே, புத்தி பெசகிப் போச்சோன்னு நெனைக்கீங்க. இல்லைன்னு தலையாட்டாதீங்க. நானா இருந்தா அப்படித்தான் நெனைப்பேன்.

நான் ஒரு பாதிரி, தம்பி. எங்க பக்கம் ஐயர்னு சொல்லுவாங்க. வெள்ளாங்கரைன்னு ஒரு உப்பளத்து ஊர், அங்க அஞ்சு வருஷமா சேகரகுருவா, சுத்துவட்டாரச் சபைக்கெல்லாம் பொறுப்பா இருந்தேன். இப்ப மாறுதல். சாமானெல்லாம் வீட்டம்மாவோட லாரியில போகுது. முன் சீட்டுல எனக்கும் இடம் இருந்துச்சு. அவதான், ‘நீங்க பஸ்ல வாங்க, பாவம் டிரைவர் ரோட்டைப் பாத்து ஓட்டட்டும்’னுட்டா. முப்பது வருஷமா என்கூடக் குடும்பம் நடத்துனவ, அவளுக்குத் தெரியாதா.

இந்த மப்ளர் நேத்து பிரிவுபசாரத்துல எனக்கு வந்தது. எனக்கு முந்தின ஐயருக்குப் பட்டுச் சால்வை. அவருக்கும் முந்தினவருக்குச் சுவர்க்கடிகாரம், மணிக்கு மணி கீர்த்தனை பாடும். எனக்குச் சபை ஒரு மிக்சி குடுத்துச்சு, சரி, அது லாரியில போகுது. ஆனா இது சபை குடுத்ததில்லை. மாசிலாமணின்னு ஒரு மனுஷன் தனியா வந்து, எல்லாரும் பாக்க என் கழுத்துல சுத்தினாரு. அதை அவரு கிண்டலுக்குச் செஞ்சாரா, கரிசனமாச் செஞ்சாரான்னு ராத்திரி பூரா உருண்டு பாத்தேன், பிடிபடலை. நீங்க சொல்லுங்க. இப்ப வேண்டாம், முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

முதல்ல என் தொண்டையைப் பத்திச் சொல்லணும். நான் பிறந்து அழுத அழுகையில, ‘இந்த ஊருக்கு இனி மில்லுச் சங்கு வேண்டாம்’னாளாம் மருத்துவச்சி. எங்கம்மை அதைத் தேவவாக்காவே எடுத்துக்கிட்டா. அப்பவே என்னை ஊழியத்துக்குன்னு ஒப்புக்குடுத்துட்டா. அப்புறம் வாலிபத்துல, ஒரு பெரிய கூட்டத்துல கரண்டு போயிட்டுது. மைக் செத்துப்போச்சு. ஆயிரம் ஜனம் இருட்டுல இருக்கு. செருப்புக்குக் காவல் நின்ன நான் ஓடிப்போய் மேடையேறி, ‘எல்லாரும் அப்படியே அமைதியா உக்காருங்க’ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். கடைசி வரிசையில தூங்கின பிள்ளைங்க எல்லாம் முழிச்சு அழுதுச்சு. பிரசங்கியார் என் தோளைப் பிடிச்சு, ‘இந்தத் தொண்டை கர்த்தருக்கு வேணும்’னாரு.

குருப்பட்டப் படிப்புக்கு ஆள் எடுக்கும்போது கேப்பாங்க, உனக்கு அழைப்பு உண்டா, ஆண்டவர் உன்னை எப்படிக் கூப்பிட்டாருன்னு. மத்தவன் எல்லாம் கனவு கண்டேன், வெளிச்சம் கண்டேன்னான். நான் கரண்டு போன கதையைச் சொன்னேன். எடுத்துக்கிட்டாங்க. இப்ப யோசிச்சா ஆண்டவர் என் தொண்டையை மட்டுந்தான் கூப்பிட்டிருக்காருன்னு தோணுது. அதைத் தனியா அனுப்ப முடியாதேன்னு நானும் கூடப் போயிட்டேன்.

ஆனா பிரசங்கம்னா பிரசங்கம், தம்பி. நான் அடக்க ஆராதனையில பேசினா, செத்தவங்களைக் கண்ணால பாக்காதவனும் அழுவான். பக்கத்துச் சேகரத்துலேருந்தெல்லாம் எங்க வீட்டுச் சாவுக்கு நீங்க வரணும்னு கேட்டு வருவாங்க. ஆள் இன்னும் சாகலை, முன்கூட்டியே கேட்டு வச்சவங்களும் உண்டு.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? ஆஸ்பத்... ஆமா ஆமா, அங்கேயும் போய்ப் பேசியிருக்கேன், வார்டு வார்டா. இருங்க, விட்டா தொடுப்பு அறுந்துபோயிரும். அந்தக் கவரை இப்படிக் குடுங்க, கொஞ்சம் விசிறிக்கிடுதேன். நல்லாக் கெட்டியா இருக்கு. காத்து பிச்சுக்கிட்டு வருது.

இப்ப ஒரு தொழில் ரகசியம் சொல்லுதேன். நாங்க வீடு சந்திக்கப் போவோம். ஒவ்வொரு வீடாப் போய் ஒரு வசனம் வாசிச்சு, சுகம் விசாரிச்சு, ஜெபம் பண்ணிட்டு வாரது. இதுல வசனத்துக்கு முடிவுண்டு, ஜெபத்துக்கு முடிவுண்டு. சுகம் விசாரிக்கிறதுக்கு மட்டும் முடிவே கிடையாது. என்னம்மா சுகமான்னு கேட்டுட்டோம்னா முடிஞ்சுது. மருமக, மூட்டுவலி, வரப்புத் தகராறு, எல்லாம் வரும். அதுக்குத்தான் எங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கு. ‘ஜெபிப்போமா?’ அவ்வளவுதான். அதைச் சொன்னா யாராயிருந்தாலும் பேச்சை நிறுத்தித்தான் ஆகணும். எந்திரிச்சு நின்னு கண்ணை மூடித்தான் ஆகணும். பொம்பளைங்க முந்தானையைத் தலையில போட்டுக்கிடுவாங்க. ஆமென்னு சொல்லி முடிக்கும்போது நான் செருப்பு மாட்டிக்கிட்டு இருப்பேன். ஐயா பேச விடலைன்னு யாரும் சொல்ல முடியாது. ஐயா ஜெபம்லா பண்ணினாரு.

அந்த மாசிலாமணி வீட்டுலயும் அப்படித்தான். உப்பளத்துல சொந்தமாக் கொஞ்சம் பாத்தி வச்சிருக்காரு. ஐப்பசியில அவரு சம்சாரம் அன்னத்தாய் பெரியாஸ்பத்திரியில இறந்துபோனா. அடக்க ஆராதனையில நான் பேசின பேச்சை ஊரே இன்னும் சொல்லும். அதுக்கப்புறம் அந்த மனுஷன் கோயில் பக்கமே வரலை. நாலஞ்சு தடவை போனேன். போறப்பல்லாம், ‘ஐயா, உங்ககிட்ட ஒரு காரியம்’னு ஆரம்பிப்பாரு. ஆரம்பிச்சிட்டுத் தரையைப் பாப்பாரு. துக்கத்துல இருக்குற மனுஷன், என்ன சொல்லப் போறாரு, நமக்குத் தெரியாததா. ‘ஜெபிப்போமா?’ன்னுருவேன். உடனே எந்திரிச்சு நின்னுருவாரு. மரியாதைக்கார மனுஷன்.

இப்படி இருக்கையில, லெந்து நாள் ஆரம்பிக்கிற நேரம் பாத்து என் தொண்டை போயிட்டுது. லெந்துன்னா ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம். எங்களுக்கு அதான் சீசன், தினம் கூட்டம், தினம் பிரசங்கம். ஒரு நாள் காலையில எந்திரிச்சு வீட்டம்மாவைக் கூப்பிடுதேன், காத்துதான் வருது. டாக்டர் உள்ளே லைட் அடிச்சுப் பாத்துட்டு, சதை தடிச்சிருக்கு, பேசப்படாது, குசுகுசுன்னுகூடப் பேசப்படாதுன்னாரு. பிரசங்கம்னு கையால கேட்டேன். அதைத்தான் சொல்லுதேன்னாரு. எவ்வளவு நாளைக்குன்னு வீட்டம்மா கேட்டா. லெந்து முழுக்கன்னாரு. நான் அவ முகத்துல வருத்தத்தைத் தேடினேன். இருந்திருக்கும், வெளிச்சம் பத்தலை.

அவதான் பழைய மப்ளர் ஒண்ணைத் தேடி எடுத்து என் கழுத்துல கட்டிவிட்டா. இது இல்லை, அது வேற, காப்பிக்கொட்டைக் கலரு. ஐயா கழுத்துல மப்ளர் இருக்கு, பேச மாட்டாருன்னு ஊருக்கெல்லாம் அடையாளம் ஆயிட்டுது. உபதேசியாரு பிரசங்கம் பண்ணினாரு. அவரு எனக்குக் கீழ இருக்கிற சபை ஊழியர், நல்ல மனுஷன், ஆனா ஆரம்பிச்சாரான்னு பாக்குறதுக்குள்ள முடிச்சிருவாரு. ஜனம் முணுமுணுக்கும்னு காத்திருந்தேன். நேரத்தோட போய் மீன் கொழம்பு வைக்க முடியுதுன்னு சந்தோஷப்பட்டாங்க.

சரி, பிரசங்க பீடம்தான் போச்சு, வீடு சந்திப்பையாவது விடாமச் செய்வோம்னு கிளம்பினேன். வசனம் வாசிக்க முடியாது. ஜெபம் பண்ண முடியாது. போய் உக்காருவேன், அவங்களைப் பாப்பேன். அவங்க என்னைப் பாப்பாங்க. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மப்ளரைப் பாப்போம். அப்புறம் மெள்ளப் பேச ஆரம்பிப்பாங்க. ஆரம்பிச்சா நிறுத்துறதுக்கு என்கிட்ட வார்த்தை இல்லையே. ஒரு வீட்டுல மாமியா பேசி முடிச்சதும் மருமக வந்து உக்காந்தா. கோயில்ல ஆர்கன் வாசிக்கிற பாட்டு மாஸ்டர், எனக்குக் காது மந்தமாகி ரெண்டு வருஷமாச்சு ஐயா, விரல் ஞாபகத்துல வாசிக்கேன்னு அழுதாரு. நான் சும்மா தலையாட்டுவேன், வேற என்ன செய்ய. போற இடமெல்லாம் அடுத்து எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இவ்வளவு வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டுல வீட்டம்மா வேற, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்துல உக்காந்து பேசுவா. கல்யாணத்தப்ப அவளுக்கு நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்திருந்ததாம். எனக்குத் தெரியாது. ‘அப்பவே சொல்ல வந்தேன், நீங்க ஜெபம் பண்ணுவோம்னுட்டீங்க’ன்னா.

அந்த நாள்லதான் மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். அவரு கட்டில்ல உக்காந்திருந்தாரு. மப்ளரைப் பாத்தாரு. எனக்கு நாற்காலியைப் போட்டுட்டு, பழையபடி, ‘ஐயா, ஒரு காரியம்’னாரு. அப்புறம் தரையைப் பாத்தாரு. என் வாய் தானா அசைஞ்சுது, சத்தம் வரலை.

“அடக்கத்தன்னைக்கி நீங்க ஒண்ணு சொன்னீங்க ஐயா. அன்னத்தாய் என் கையைப் பிடிச்சிக்கிட்டே கண்ணை மூடினான்னு” அப்படின்னாரு.

நான் பெருமையாத் தலையாட்டினேன். அந்த இடத்துலதான் ஜனம் உடைஞ்சு அழுதுது. அதை எனக்கு யாரும் சொல்லலை, தம்பி. நானாத்தான் சேத்தேன். சம்சாரம் ஆஸ்பத்திரியில சாகுது, புருஷன் கூட இருந்திருப்பான், கையைப் பிடிச்சிருப்பான், இதுல என்ன தப்பு. உப்பில்லாமப் பிரசங்கம் பண்ண முடியுமா, அதுவும் அந்த ஊர்ல.

“நான் அங்க இல்லை ஐயா” அப்படின்னாரு.

அன்னைக்கிச் சாயந்தரம் மேகம் கருக்கிக்கிட்டு வந்திருக்கு. உப்பு வாரிக் குவிச்சது, மூடாமக் கெடந்திருக்கு. மழை விழுந்தா அந்த வருஷப் பாடெல்லாம் கரைஞ்சு போயிரும். அவ, இன்னைக்கி இங்கனயே இருங்கன்னிருக்கா. இந்தா வந்துருதேன்னு பஸ் ஏறிட்டாரு. தனியா நின்னு இருட்டுக்குள்ள குவியலை மூடிட்டுத் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனா, அவ கட்டில்ல வேற ஒரு பொம்பளை படுத்திருக்கா.

அந்த நேரத்துல எனக்கு அந்த வார்த்தை நெஞ்சுலேருந்து கிளம்பி வந்துச்சு பாருங்க. ‘ஜெபிப்போமா?’ தொண்டை வரைக்கும் வந்துட்டுது. அது மட்டும் வெளிய வந்திருந்தா அந்த மனுஷன் எந்திரிச்சுக் கண்ணை மூடியிருப்பாரு, நானும் தப்பிச்சிருப்பேன். வரலை. மப்ளருக்குள்ளயே நின்னுட்டுது.

அவரு சொன்னாரு: “டீக்கடையில என்னைக் குடுத்துவச்சவன்னு சொல்லுதான். கோயிலுக்கு வந்தா, கையைப் பிடிச்சிக்கிட்டே போனாள்லான்னு எல்லாரும் கேப்பாங்க. நான் என்ன சொல்ல. நீங்க பீடத்துல நின்னு சொன்னதை நீங்கதான் ஐயா பீடத்துல நின்னு திரும்ப எடுக்கணும். நான் பக்கத்துல இல்லைன்னு சொல்லிருங்க. அப்புறம் நான் வாரேன்.”

தலையாட்டினேன். அந்த நாள்ல நான் எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். ஆனா இதுக்கு உண்மையாவே ஆட்டினேன், தம்பி.

ஈஸ்டருக்குத் தொண்டை திறந்துட்டுது. மப்ளரை அவுத்து ஆணியில மாட்டிட்டுப் பீடம் ஏறினேன். கடைசி பெஞ்சில மாசிலாமணி இருக்காரு, வெள்ளைச் சட்டை போட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. அன்னைக்கிப் பிரசங்கம் என்ன தெரியுமா? கேக்குறதைப் பத்தி. காது குடுத்துக் கேக்குறதே பெரிய ஊழியம்னு ஆரம்பிச்சேன். லெந்து பூரா அடைச்சு வச்சது, மடை திறந்த மாதிரி வருது. கேளுங்கள், கேளுங்கள்னு நானே பேசிக்கிட்டு இருக்கேன். மாசிலாமணி காரியத்தைக் கடைசியில வச்சிருந்தேன், அங்க வச்சாத்தான் எடுப்பா இருக்கும். கடைசியும் வந்துச்சு. அவரு நிமிந்து உக்காந்தாரு. நான் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, ‘ஜெபிப்போமா?’ன்னுட்டேன்.

சத்தியமாச் சொல்லுதேன், நான் நெனைச்சுச் சொல்லலை. வாய் அதுவாச் சொல்லிட்டுது. சபை மொத்தமும் எந்திரிச்சுக் கண்ணை மூடிட்டுது. மூடினதுக்கு அப்புறம் ‘கொஞ்சம் இருங்க, ஒண்ணு விட்டுப்போச்சு’ன்னு எப்படிச் சொல்ல. ஜெபம் பண்ணினேன். நல்லாவே பண்ணினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா கடைசி பெஞ்ச் காலி.

மறுநாளே அவரு வீட்டுக்குப் போனேன். எப்படி வாய் தவறிச்சு, ஏன் தவறிச்சு, வருத்தம் எவ்வளவு, எல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. நான் மூச்சு விட்ட இடத்துல, ‘ஜெபிப்போமாய்யா?’ன்னு எந்திரிச்சு நின்னுட்டாரு. நான் என்ன செய்ய, நானும் எந்திரிச்சுக் கண்ணை மூடினேன். ஐயாவுக்கு நல்ல சுகம் குடும்னு ஒரே வரி ஜெபம். கண்ணைத் திறந்தப்ப அவரு மம்பட்டியை எடுத்துக்கிட்டு இருந்தாரு. அந்த வார்த்தை எதிர்ப்பக்கத்துலேருந்து வந்தா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அதுக்குள்ள மாறுதல் ஆர்டர் வந்துட்டுது. நேத்து பிரிவுபசாரம். மிக்சி குடுத்தாங்க, வாழ்த்திப் பேசினாங்க. ரெண்டு பேரு, ஐயா லெந்து நாள்ல செஞ்ச ஊழியத்தை மறக்க முடியாதுன்னாங்க. லெந்து நாள்ல நான் என்ன செஞ்சேன், உக்காந்திருந்தேன். அஞ்சு வருஷம் கத்தினதைப் பத்தி ஒரு பேச்சு இல்லை. எனக்குச் சடவுதான், மனத்தாங்கல்தான். அப்புறம் நான் ஏற்புரை சொல்ல எந்திரிச்சேன். ஆபிரகாம்லேருந்து ஆரம்பிக்கிறதா இருந்தேன். அப்பத்தான் பின்னாலேருந்து மாசிலாமணி நடந்து வந்தாரு. கையில இது. என் கழுத்துல மூணு சுத்துச் சுத்தி, முடிச்சுப் போட்டுட்டு, திரும்பிப் போய்க் கடைசி பெஞ்சில உக்காந்துட்டாரு. பிள்ளைங்க சிரிச்சுது.

முடிச்சு இறுக்கம், தம்பி. கம்பளி குத்துது, வேர்த்து ஊத்துது. ஆபிரகாம் வரைக்கும் போறதுக்கு மூச்சு இல்லை. அதனால கிட்ட இருந்ததை மட்டும் சொன்னேன்.

“அன்னத்தாய் போகும்போது மாசிலாமணி பக்கத்துல இல்லை. கையைப் பிடிச்சிருந்தாருன்னு சொன்னது நானாச் சேத்தது” அப்படின்னுட்டு உக்காந்துட்டேன்.

ஜெபிப்போம்னு சொல்லலை. சபைக்கு என்ன செய்யன்னு தெரியலை. எந்திரிக்கலாமா வேண்டாமான்னு ஒருத்தரை ஒருத்தர் பாக்காங்க. உபதேசியாரு பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து மூடுதாரு. அப்பக் கடைசி பெஞ்சிலேருந்து அவரு குரல் வந்துச்சு. மெள்ளத்தான் வந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுது.

“அன்னைக்கி மழை பெய்யவே இல்லை ஐயா.”

அதுக்கு மேல அவரு பேசினாரு. சபை உக்காந்து கேட்டுது. அவ சாப்பிட மாட்டேன்னது, தான் பஸ்ல ஏறினப்ப ஜன்னல் வழியா ஆஸ்பத்திரியைத் திரும்பிப் பாத்தது, எல்லாத்தையும் சொன்னாரு. முடிச்சப்போ பக்கத்துல இருந்தவன் அவரு தோள்ல கையைப் போட்டிருந்தான். எனக்கு அழுகை வந்துட்டுது, மப்ளர்லயே துடைச்சேன். வீட்டுக்குப் போற வழியில ஐயா நல்லாப் பேசினீங்கன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. நான் பேசினதே அவங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனைக்கேன்.

இப்பச் சொல்லுங்க, இது கிண்டலா, கரிசனமா? ஏன் எந்திரிக்கீங்க? பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு இன்னும் வரலையே. ஓ, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. கவரா? இந்தாங்க. விசிறி விசிறி ஒரு முனை மடங்கிட்டுது, மன்னிச்சுக்கிடுங்க. இது என்ன... எக்ஸ்ரேயா?

யாருக்கு? உங்க வீட்டம்மாவுக்கா. அப்ப பிளாஸ்க்குல இருக்குறது கஞ்சி. கூட யாரு இருக்கா? ஒருத்தரும் இல்லையா. தூத்துக்குடியில ஏறினதுலேருந்து நீங்க சொல்ல வந்துக்கிட்டே இருந்தீங்க, நான் அதை வச்சு விசிறிக்கிட்டு இருந்திருக்கேன்.

தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க. ஜெபிப்போ...

பாத்தீங்களா, நீங்களும் கண்ணை மூடிட்டீங்க. தெறங்க தம்பி, தெறங்க. கண்டக்டர், ஆள் எறங்கணும், ரெண்டு பேரு. ஆமா, நானுந்தான். சாமானை எங்க வீட்டம்மா எறக்கிக்கிடுவா, நான் இல்லாட்டி சீக்கிரமே முடியும். பிளாஸ்க்கைக் குடுங்க, நான் தூக்கிக்கிடுதேன். படியைப் பாத்து எறங்குங்க.

இந்தாங்க, இந்த மப்ளரைப் பிடிங்க. என் கழுத்துல ஒரு கட்டுக் கட்டிவிடுங்க. மூணு சுத்து. இன்னும் கொஞ்சம் இறுக்கியே கட்டுங்க.

ம். சொல்லுங்க.